ஏழாம் நம்பருக்குக் கீழே

பதினாறு லீட்டர் தாங்கி
காலையில் முதுகில் ஏறினால்
மூன்று மணிக்குத்தான் இறங்கும்.
புல்லுக்கு மருந்தடிப்பது என் வேலை.
செக்ரோலில் என் பேருக்கு நேரே
அப்படித்தான் எழுதியிருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும்
பீலித் தண்ணியில் இரண்டு தரம் சவர்க்காரம்,
நகக்கண்ணுக்குப் பழைய பிரஷ்.
சட்டையைக் கானோரம் தனியாகக் கழற்றிப் போட்ட பிறகுதான்
கோவாப் பாத்திக்குள் கால் வைக்க
ரஞ்சிதம் விடுவாள்.
கோயிலுக்குப் போகக்கூட
இவ்வளவு கழுவியதில்லை நான்.

லயத்துக்குப் பின்னால்
கானுக்கும் கல்லுக்கட்டுக்கும் நடுவே
எட்டடி அகலம், இருபத்திரண்டடி நீளம்.
மண் தோட்டத்துக்குச் சொந்தம்.
மண்ணுக்குள் போட்டது எங்களுடையது:
மூன்று வருஷத்துச் சாணி,
குடித்த தேயிலையின் சக்கை,
அடுப்புச் சாம்பல், முட்டைக் கோது,
கவ்வாத்து மலையிலிருந்து
விறகோடு விறகாய் வந்த இலைமக்கு,
பிறகு, பெரிய மழையில்
கூட்டோடு விறைத்துச் செத்த
ஒன்பது கோழிக் குஞ்சுகள்.
அந்த மூலையில் பீட்ரூட்
அநியாயத்துக்குச் சிவக்கிறது.
யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

லீக்ஸ் பென்சில் மொத்தம்தான் வரும்.
கரட் இரண்டு காலோடு பிறக்கும்.
ராகலைச் சந்தையில் வைத்தால் சிரிப்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை
வெளிக்கள உத்தியோகத்தர் திலகசிறி ஐயா
வாசலில் வந்து நின்றார்.
மனைவிக்கு ஏழு மாதமாம்.
டவுன் மரக்கறியைத் தொடப் பயமாம்.
"மருந்து அடிக்காததுதானே?"
என்று கேட்டார், என்னிடம்.
"ஒரு சொட்டும் இல்லைங்க ஐயா."
போஞ்சி அரைக் கிலோ, நோக்கோல் இரண்டு.
பையை பைக்கில் மாட்டிக்கொண்டு சொன்னார்:
"செவ்வாய்க்கிழமை ஏழாம் நம்பர் அடிக்கணும்."

ஏழாம் நம்பர் மலை
எங்கள் கூரைக்கு மேலேதான் தொடங்குகிறது.

அன்றிரவு ரஞ்சிதம் பேசவில்லை.
உரச்சாக்குகளைப் பிரித்து
ஒன்றோடொன்று தைத்தாள்.
கம்பு நட்டுப் பாத்திக்கு மேல்பக்கம்
சாக்குச் சுவர் கட்டினோம்.
யூரியா என்ற எழுத்து தலைகீழாக நின்றது.
சின்னவள் டிலுக்‌ஷி கழுத்தைச் சாய்த்து
அதை எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

பனி கிடக்கும்போது காற்று வராது.
செவ்வாய் ஆறு மணிக்கே தாங்கியை நிரப்பி
மேலிருந்து அடித்துக்கொண்டு இறங்கினேன்,
குழலைப் புல்லோடு ஒட்டி,
தூங்குகிற பிள்ளையைத் தாண்டுகிறவன் மாதிரி.
ஒன்பது மணிக்குப் பனி கலைந்தது.
எங்கள் தகரம் தெரிந்தது.
என் பிடரியில் காற்று தொட்டது.

கடைசி மூன்று நிரைக்கு நான் அடிக்கவில்லை.
மருந்தடிக்கிறவனுக்கு மண்வெட்டி தருவதில்லை.
தாங்கியை இறக்கிவிட்டு, குந்தி,
கையால் பிடுங்கினேன்.
அட்டைகள் வந்து பங்கு கேட்டன.
இரண்டு மணியாகியும் ஒரு நிரை மீதி.

ஐயா மேல் ரோட்டில் பைக்கை நிறுத்தினார்.
நிற்கிற புல்லைப் பார்த்தார்.
என்னைப் பார்த்தார்.
கீழே சாக்குச் சுவரையும் பார்த்திருப்பார்.
அரைப் பேர்தான் போட்டார்.

அடுத்த ஞாயிறு மறுபடி வந்தார்.
அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.
கோவா ஒன்று கேட்டார்.
புழு தின்ற ஓட்டைகளை
விரலால் தடவிப் பார்த்தார், திருப்தியாக.
விலை கேட்டபோது ரஞ்சிதம்
அரை நாள் சம்பளத்தைச் சொன்னாள்,
சதக் கணக்கு உட்பட.
ஐயா எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார்.

இரவு டோர்ச்சோடு பாத்திக்குப் போகிறேன்.
புழு பொறுக்குவதாக வீட்டில் சொல்லியிருக்கிறேன்.
சாக்குச் சுவரை ஒட்டிய போஞ்சிக் கொடி,
அதன் நுனி இலை மஞ்சள்.
மூப்பா, காற்றா?
வெளிச்சத்தைக் கிட்டக் கொண்டுபோனாலும்
இலை சொல்வதில்லை.

வேரோடு பிடுங்கினேன்.
எருக்குழியில் போடவும் மனம் வரவில்லை.
பக்கத்துக் கொடியையும் பிடுங்கினேன்.
அதற்கு அடுத்ததைப்
பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.