நாற்பது சதுர அடி

ஆர்லிஸ் ஹகாலா மதிப்பீட்டுத் தாளைத்
திருப்பிப் பார்க்கிறாள்.
பின்பக்கம் வெறுமை.
அங்கேயாவது தொகை குறைந்திருக்கக் கூடாதா
என்பதுபோல் தடவியும் பார்க்கிறாள்.

“ஐந்துக்கு எட்டு, க்வென்.
என் கார் நிற்கும் இடமே இதைவிடப் பெரிது.
முப்பத்தோராயிரம் டாலரா?”

டுலூத்தில் பிப்ரவரி.
ஜன்னலுக்கு வெளியே ஏரி உறைந்து கிடந்தது.
இரண்டு கோப்பையிலும் காப்பி ஆறிப்போனது.

“முப்பது வருடம் பள்ளிக்கூடச் சமையலறை.
நானூறு பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு.
ஒரு தட்டுக்கு எத்தனை சென்ட் என்று
தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.
எனக்குப் புரிகிற மாதிரி சொல்.”

தட்டில் இருப்பதற்கு இல்லை, ஆர்லிஸ்,
தட்டுக்கு அடியில் இருப்பதற்கு.

படுக்கையறை என்றால் ஒரு பெயின்டர் போதும்.
இதற்குள் ஓர் ஊரே வந்து போக வேண்டும்,
அதுவும் ஒருவர் போனபின் ஒருவராக;
இரண்டு பேர் நுழைந்தால்
ஒருவர் தொட்டிக்குள்தான் நிற்க வேண்டும்.
குழாய்க்கு டூவி போலியூ, மணிக்கு நூற்றிநாற்பது,
அவன் வேனைக் கிளப்பும்போதே கடிகாரமும் கிளம்பும்.
தண்ணீருக்கு ஒரு முழத் தொலைவில் மின்கம்பி இழுப்பவன்
தவறு செய்ய முடியாததற்கும் சேர்த்து வாங்குவான்.
ஓஸ்மின் ஓடு பதிப்பதைவிட
காத்திருப்பதுதான் அதிகம்:
சிமென்ட் காய,
நீர்க்காப்புப் பூச்சு காய,
அதன்மேல் இன்னொரு பூச்சு காய.
ஈரம் காய்வதற்கும் யாரோ வாடகை கட்டுகிறார்கள்.
நகராட்சி ஆய்வாளர் இருமுறை வருவார்.
எட்டுக்கும் நான்குக்கும் நடுவில்
எப்போது என்று அவருக்கே தெரியாது.

தண்ணீர் ஊசிமுனை அளவு வழிதான் கேட்கும்.
கொடுத்தால்
பதினைந்து வருடம் சத்தமில்லாமல் மரத்தைத் தின்னும்.

அவள் பேனாவை எடுத்து
சூடேறும் தரை, ஆயிரத்து நானூறு,
அந்த வரியை மட்டும் அடித்தாள்.
“காலுறை இருக்கிறது.”
கையெழுத்திட்டாள்.

செவ்வாய்க்கிழமை தரையைப் பிளந்தோம்.
கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது.
கழிவுக்குழாய்க்கு வழிவிட
தொள்ளாயிரத்து இருபத்தாறில் எவனோ ஒருவன்
உத்தரத்தை முக்கால்வாசி அறுத்திருக்கிறான்.
இத்தனை காலமும் அந்த இரும்புத் தொட்டி
பழக்கத்தால்தான் நின்றிருக்கிறது.
ஆயிரத்துத் தொள்ளாயிரம் கூடும் என்றேன்.
தலையாட்டினாள்.
வாய் மட்டும் ஏதோ கூட்டிக்கொண்டிருந்தது.

மருந்துப் பெட்டியைக் கழற்றி
சுவர்ப்பலகையை ஓஸ்மின் நெம்பினான்.
சலசலவென்று கொட்டியது.
துள்ளிப் பின்வாங்கினான்.

சவரத் தகடுகள்.
துருவேறி, ஒன்றோடொன்று ஒட்டி,
முழங்கால் உயரத்துக்கு.
பெட்டியின் முதுகில்
கீறல்போல் ஒரு துளை இருக்கும், பழைய வீடுகளில்.
மழுங்கியதை அதில் போடுவார்கள்.
சுவர் விழுங்கிக்கொள்ளும்.
அவ்வளவுதான் ஏற்பாடு.
நிறைந்தால் என்ன செய்வது என்று
ஒருவரும் யோசிக்கவில்லை.

ஆர்லிஸ் வாசலில் நின்று பார்த்தாள்.
“அடியில் இருப்பது இவர்களுக்கு முன்னால் இருந்தவர்கள்.
நடுவில் மாமனார்.
மேலே டொய்வோ.”
கொஞ்சம் பொறுத்து,
“எலெக்ட்ரிக் ஒன்று வாங்கித் தந்தேன்.
பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை மனிதன்.
முகத்தில் இவ்வளவா முளைத்தது?”

தடித்த கையுறை, இரண்டு பெயின்ட் வாளி,
இரண்டு பேருக்கு முக்கால் மணி நேரம்.
மதிப்பீட்டில் இதற்கு வரி இல்லை.
இருக்கட்டும், விடு, என்றேன்.

“எழுது,” என்றாள்.
“எழுதாமல் விட்டால்
எதற்குக் கொடுத்தேன் என்று
பிறகு எனக்குத் தெரியாமல் போகும்.”

எழுதினேன்.
சுவருக்குள் இருந்தவை, அகற்றல். தொண்ணூறு டாலர்.
அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு
அந்த ஒரு வரியைப் படித்தாள்.
பக்கத்தில்
சின்னதாக ஒரு சரி போட்டாள்.

டூவி கீழே இருந்து கத்தினான்,
பிரதான வால்வு மூட மறுக்கிறதாம்.