பதினோராவது தாள்

ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன் என்று சொல்லலாம்.
டுலூத்தில், ஜனவரியில், ஈயும் கிடையாது.
ஏரி உறைந்து கரையோடு ஒட்டிக் கிடந்தது.
கீழே சலவைக் கடையில் உலர்த்திகள் சுற்றும்போது
என் அறைத் தரை இளஞ்சூடாக அதிரும்.
அந்தச் சூட்டுக்காகத்தான் இந்த மாடியை எடுத்தேன்.
கதவில் வெர்னா கொஸ்கெலா, வழக்கறிஞர்.
கடைசி எழுத்து பாதி உரிந்திருந்தது.

மினியாபொலிஸ் ஆலோசகர்
மணிக்கணக்கில் காசு வாங்கிக்கொண்டு சொன்னார்:
எழுதுங்கள், வாரம் ஒரு தாள்.
ஊர்ப் பெயரை நாலு இடத்தில் தூவுங்கள்.
முடிவில் 'இன்றே அழையுங்கள்'.
ரசத்துக்குப் பக்குவம் சொல்வதுபோல் சொன்னார்.

எழுதினேன்.
முதல் தாளில் என் இருபத்திரண்டு வருட அனுபவம்.
இரண்டாவதில் நான் வாங்கிய கேடயம்.
மூன்றாவதில் மேற்படியும் யாதெனிலும்
கோட்டு மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றன.
சலவைக் கடைப் பலகையில் குத்தி வைத்தேன்,
காணாமல் போன பூனைக்கும்
விலைக்கு வந்த பனிச்சறுக்கு மட்டைக்கும் நடுவே.
பூனை கிடைத்துவிட்டது.
மட்டையும் விற்றுப்போனது.
பத்து வாரமாக நான் மட்டும் அங்கேயே.

ஒரு திங்கள் இரவு சில்லறை மாற்றக் கீழே போனேன்.
மருத்துவமனைச் சீருடையில் ஒருத்தி
தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிப்
போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள்.
"ஹீட்டரைச் சரிபண்ண மாட்டேங்கிறான்.
வாடகையை நிறுத்தி வெச்சா
தெருவுல தூக்கிப் போட்டுருவானா?"

என்னிடம் கேட்கவில்லை.
ஆனால் அந்தக் குளிர்காலத்தில்
என் காதில் விழுந்த முதல் கேள்வி அது.

அதையே தலைப்பாக வைத்தேன்,
நடுவிலிருந்த ஒரு வசவை மட்டும் நீக்கி.
எதை எழுத்தில் கேட்பது, யாரிடம் கொடுப்பது,
வெப்பமானியைப் படம் எடு, தேதியைக் குறி,
வாடகையை நிறுத்துமுன் இதைச் செய்.
அனுபவம் வரவில்லை, கேடயமும்.
'இன்றே அழையுங்கள்' மறந்தே போனது.

புதன்கிழமை தாளைக் காணோம்.
இன்னொன்று குத்தினேன், அதுவும் போனது.
ஊசிகள் தீர்ந்தன.

"எத்தனை பேர் வந்தார்கள்?" என்றார் ஆலோசகர்.
ஒருவருமில்லை.
"முழுப் பதிலையும் கொடுத்தால் எவர் வருவார்?
பாதியைச் சொல்லுங்கள்,
மீதிக்கு மாடிப்படி ஏறட்டும்."

கத்தரிக்கோலோடு உட்கார்ந்து பார்த்தேன்.
எந்தப் பாதி? வெப்பமானியா, தேதியா?
கீழே யாரோ
குழந்தைச் சட்டைகளை உலர்த்தியில் போட்டார்கள்.
தரை சூடானது.
கத்தரிக்கோலை மேஜைக்குள் வைத்தேன்.

ஏப்ரலில் பனி உடையும் சத்தத்தோடு அவள் வந்தாள்.
எட்டாக மடித்த தாள்,
சட்டைப் பையோடு ஒருமுறை துவைபட்டது.
"மூணாவது பத்தியில தேதின்னு போட்டிருக்கீங்க.
நான் அனுப்பின தேதியா, அவன் வாங்கின தேதியா?
இதனால தோத்திருப்பேன்."
தோற்கவில்லையா?
"ஹீட்டர் வந்துடுச்சு. நீங்க முதல்ல இதைத் திருத்துங்க."

அவள் நின்றபடி பார்த்திருக்க,
பேனாவால் திருத்தினேன்.
இருபத்திரண்டு வருடத்தில்
நீதிபதி எவரும் என்னை இப்படித் திருத்தியதில்லை.

கதவருகில் திரும்பினாள்.
"என் தம்பி பொண்டாட்டிக்கு ஒரு வழக்கு.
குழந்தை விஷயம், தாள்ல அடங்காது.
நீங்க இதுக்கெல்லாம் காசு வாங்குவீங்கதானே?"

வாங்குவேன் என்றேன்.
கொஞ்சம் அவசரமாகவே சொல்லிவிட்டேன்.