இரண்டு ஃப்ரேமுக்கு நடுவே

வ்ரோனி ஹால்ட்மாயர்,
உன் பதினாறு குளிர்காலங்களும்
பெருங்குடியில், நான்காம் மாடியில்
என்னிடம்தான் வந்து சேர்ந்தன,
கலைந்துபோய்.

செவ்வாய் இரவு உனக்கு முப்பத்து மூன்று.
புதன் இரவு பதினேழு, பல்லில் கம்பி.
வியாழன் வயதே தெரியவில்லை,
முகமெல்லாம் கறுப்புக் கண்ணாடி.
ஃபைலுக்குத் தேதி கிடையாது, எண் மட்டும்.
நீ ஒவ்வொரு கம்பத்தையும் தாண்டும் கணத்தில்
ஒரு பச்சைப் புள்ளி வைப்பது என் வேலை.
ஒரு இறக்கத்துக்கு ஐம்பது சொச்சம் கம்பம்.
ஒரு புள்ளிக்கு நாற்பது காசு.

பனியை நான் தொட்டதில்லை.
காசிமேட்டில் மீன்பெட்டிக்கு உடைத்துக் கொட்டுகிற ஐஸைத்
தொட்டிருக்கிறேன், செதிலும் கவிச்சியுமாக இருக்கும்.
உன்னுடையதற்கு வாடை உண்டா என்று
ஜெபமணியிடம் கேட்டேன்.
"சத்தமே வரல, வாசனைக்கு எங்க போறது" என்றான்.
உண்மைதான். ஒலியை நீக்கித்தான் அனுப்புவார்கள்.
கூட்டம் வாயைத் திறந்து மூடும்,
மாட்டுமணிகளை ஊமையாக ஆட்டும்.
ஏசி மட்டும் உறுமும்.

தழும்பைத்தான் முதலில் பார்த்தேன்.
ஏதோ பேட்டியின் மிச்சம், அரைக்கால் சட்டையில் நீ,
இடது முழங்காலில் வெள்ளரிப்பிஞ்சு நீளத்துக்கு.
அப்படியானால் விழுந்தது இனிமேல் வரும்.
ஏழு வாரம் வரவில்லை.
ஒவ்வொரு ஃபைலையும் இதுவா, இதுவா என்றே திறந்தேன்.
ஜெயித்தாய். ஜெயித்தாய். நான்காவதாக வந்தாய்.
ஜெயித்துவிட்டுக் கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றினாய்.

டிசம்பர் மழை. துரைப்பாக்கத்தில் முழங்கால் தண்ணீர்.
கேப் வராமல் இரண்டு ஷிஃப்டும் அங்கேயே கிடந்த இரவில் வந்தது.
முப்பத்தோராம் கம்பம்.
எனக்குத் தெரியும், உனக்குத்தான் தெரியாது.
"மாத்திக்கலாமா?" என்றேன்.
ஜெபமணி திரையைப் பார்த்தான்,
டீ வாங்கப் போய்விட்டான்.
விழுந்தால் ஃப்ரேம் ஃப்ரேமாக மூட்டுகளைக் குறிக்க வேண்டும்,
இடுப்பு, முழங்கால், கணுக்கால்.
இருநூற்றுப் பன்னிரண்டு ஃப்ரேம்.
முழங்கால் தன் பக்கத்தில் இல்லாத பதினான்கில்
இருந்திருக்க வேண்டிய இடத்தில் புள்ளி வைத்தேன்.
தரம் பார்க்கும் சுகிர்தா திருப்பி அனுப்பினாள்.
சரியாக வைத்தேன்.

உனக்கு வராத தங்கத்தைப் பற்றி ஒன்று.
நீ விட்டது நொடியில் நூற்றில் இரண்டு பங்கு.
எங்கள் ஃப்ரேம் ஒன்றுக்கு நூற்றில் நான்கு.
உன்னையும் அந்த சுவிஸ்காரியையும்
மேலும் கீழுமாக ஓடவிட்டு
நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன்.
கம்பத்துக்குக் கம்பம் நீ முன்னால்.
கோட்டில் இருவரும் ஒரே ஃப்ரேம்.
நீ தோற்றது எந்தப் படத்திலும் இல்லை வ்ரோனி,
இரண்டு ஃப்ரேமுக்கு நடுவே
எங்கேயோ இருட்டில் தோற்றிருக்கிறாய்.

கடைசி ஓட்டம் கத்திரி வெயிலில் வந்தது.
கரண்ட் போய், ஜெனரேட்டர் பிடித்து, மறுபடி திறந்தால்
பாவாடை கட்டிக்கொண்டு இறங்குகிறாய்!
உங்கள் ஊர்ப் பாவாடை, பூப்போட்ட முன்துணி, காலில் ஸ்கீ.
நாற்பத்திரண்டாம் கம்பத்தருகே
நீயாகவே நின்றாய்.
ஓரத்தில் பனி வாரிக்கொண்டிருந்த ஒருவனைக் கட்டிக்கொண்டாய்.
அவன் மண்வாரியைக் கீழே போடவில்லை.
உன் முதுகுக்குப் பின்னால் அதைப் பிடித்தபடியே நின்றான்.
ஆயிரத்து நூறு ஃப்ரேம்.
பிறகு மெதுவாக, ஒரு கம்பத்தையும் மதிக்காமல்
நேராகக் கீழே போனாய்.

பட்டியலில் நான்கே குறிகள்:
முடித்தார், விழுந்தார், கம்பம் தவறினார், தகுதியிழந்தார்.
'முடித்தார்' வைத்தேன்.

விடிகாலை கேபில் தனசீலன்
மெட்ரோ தடுப்புகளுக்கிடையே
இடம் வலம் இடம் என்று ஒடித்துப் போனார்.
செருப்புக்குள் கட்டைவிரலை அழுத்தி
தடுப்புக்கு ஒரு புள்ளி வைத்துக்கொண்டே
வேளச்சேரி வந்தேன்.

மறுநாள் இரவு ஃபைல் திரும்பி வந்திருந்தது, சிவப்புக் கோட்டோடு.
மறுபடி அதையே வைத்தேன்.
நாற்பது காசு பிடித்துக்கொண்டார்கள்.