மூன்றாவது குழி

நேற்று மாலையே மூன்று குழிக்கும்
தண்ணீர் விட்டுவிட்டுப் போனோம்.
காய்ந்த மண் பொய் சொல்லும்,
முதல் வாளியை எந்த மண்ணும் குடிக்கும்.
ராத்திரி முழுக்க ஊறி
தாகம் தீர்ந்த பிறகும்
எவ்வளவு உள்ளே வாங்குகிறது
என்பதுதான் கணக்கு.

காலை ஏழேகால். கோனாபட்டு.
இந்தத் தெருவில் வாசலும்
அடுத்த தெருவில் புழக்கடைக் கதவுமாக
நீண்டு கிடக்கிற வீடு.
விடுதியாக்கப் போகிறார்கள்.
பதினெட்டு அறை, அறைக்கொரு கழிவறை,
ஒரே ஒரு செப்டிக் டேங்க்.
வரைபடத்தில் எல்லாம் இருக்கிறது.
மண்ணைக் கேட்டீர்களா என்றேன்.
அதற்குத்தான் என்னைக் கூப்பிட்டார்களாம்.

ஒன்றாம் குழி மேற்கு மதிலோரம்.
சேவுகன் கடப்பாரை போட்டபோதே
மணியடித்த செம்புராங்கல்.
குச்சியில் கட்டிய இரும்பு ஸ்கேல்,
செல்போனில் முப்பது நிமிடம்.
இறங்கியது நாலு மில்லி.
நேற்றைய தண்ணீரே மிச்சம் கிடக்க
ஒரு தட்டான் வந்து
வால் நுனியைத் தொட்டுத் தொட்டு
முட்டையிட்டுவிட்டுப் போனது.
"ஊருணிக்கு ஆகும், கக்கூசுக்கு ஆகாது"
என்றார் சேவுகன்.
அதையே நான் இங்கிலீஷில் எழுதிக்கொண்டேன்.

இரண்டாம் குழி முகப்புக்கு நேரே.
முரம்பும் மணலும்.
முப்பது நிமிடத்தில் மூன்று சென்டி,
அடுத்த முப்பதிலும் அதே மூன்று.
அவசரம் கிடையாது, அடமும் கிடையாது.
இப்படி ஒரு மனுஷன் அமைந்தால்
கட்டிக்கொள்ளலாம் என்று தோன்றியது.
குறிப்பேட்டில் எழுதவில்லை.

மூன்றாவது, புழக்கடைக் கதவோரம்.
எல்லோருக்கும் பிடித்த இடம்,
விருந்தாளி கண்ணில் படாது.
மேலாளர் ராக்கப்பன்
அளந்து கயிறுகூடக் கட்டிவிட்டார்.
வாளியைக் கவிழ்த்தேன்.
ஸ்கேலை நேராக்குவதற்குள்
ஈரம் மட்டும் இருந்தது.
இன்னொரு வாளி. ஒன்றரை நிமிடம்.
"நல்ல மண்ணு, பாத்தியளா!"
ராக்கப்பனுக்குச் சிரிப்பு.

இதுவும் தேறவில்லை என்றேன்.
வாங்கியதை அலசாமல்
அப்படியே கைமாற்றி விடுகிற மண்.
மதிலுக்கு அந்தப் பக்கம்
பதினோரு மீட்டரில் ஒரு கிணறு.
மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது,
யாரோ குடத்தை நகர்த்தினார்கள்.

சேவுகன் ஒரு கை அள்ளி
விரலிடுக்கில் விட்டார்.
சாம்பல்.
இரண்டரை அடி தோண்டியும் சாம்பல்,
நடுவே கரித்துண்டு, ஓட்டுச் சில்லு.
"இம்புட்டா அடுப்பு எரிச்சிருப்பாக?"
ராக்கப்பன் கேட்டதற்கு
சேவுகன் கதவோரச் சுவரைப் பார்த்தார்.
முழங்கால் உயரத்தில்
பிற்பாடு செங்கல் வைத்து அடைத்த
ஒரு சதுரம்.
தெருவில் குனிந்து நின்று
கையும் தகரமும் நுழைக்கிற அளவு.
"அள்ளிட்டு, சாம்பலத் தூவிட்டுப் போவாக."

யார் என்று நான் கேட்கவில்லை.
அந்தப் 'போவாக'வில்
ஒரு மரியாதை இருந்தது,
அந்தச் சதுரத்தின் உள்பக்கத்தில் இருந்து
அது ஒருநாளும் வந்திருக்காது.

படிவத்தில், மண் வகை:
களி, வண்டல், மணல், முரம்பு.
சாம்பலுக்குக் கட்டம் இல்லை.
'மற்றவை'யில் டிக் போட்டேன்.

கோலாலம்பூருக்கு வீடியோ அழைப்பு.
நாச்சியப்பன் காரில் இருந்தார்.
உறிஞ்சுகுழி இரண்டாம் இடத்தில்தான் என்றேன்.
"வீட்டுக்கு முன்னாலயா?"
முன்னால்தான்.
"பின்பக்கம் எங்கேயுமே கிடையாதா?
காலங்காலமா பின்பக்கந்தானே."
மேலே புல் போட்டுவிடலாம்,
மற்ற இடத்தைவிடப் பச்சையாக வரும் என்றேன்.
படம் உறைந்து நின்றது,
வாய் பாதி திறந்தபடி.
சிக்னலா, யோசனையா, தெரியவில்லை.

சேவுகன் குழிகளை மூடினார்.
ஒன்றாம் குழியில் மண்ணைத் தள்ளி
காலால் மிதித்து இறுக்கினார்.
மூன்றாவதை மிதிக்கவில்லை.
மம்பட்டியின் முதுகால்
தட்டித் தட்டிச் சமப்படுத்தினார்,
வெகுநேரம்.

கை கழுவிவிட்டு வந்து கேட்டார்:
"தேறுனது ஒண்ணுதான்.
கூலி மூணு குழிக்கும்தானே?"

மூன்றுக்கும்தான்.