ஒன்றுக்கு இருபது

அளவு: ஒன்றுக்கு இருபது என்று
ஸ்கெட்ச் பேனாவால் எழுதி ஒட்டினோம்.
சுவரெல்லாம் வாலிநோக்கம் கரையில் ஒதுங்கிய
மீன்பெட்டித் தெர்மோகோல்.
மூன்று தடவை சோப்பு போட்டும்
சாளை வாடை போகவில்லை.
கூரை மேல், நூருல் தன் உடைந்த கால்குலேட்டரிலிருந்து
பெயர்த்துத் தந்த சோலார் பட்டை.
மூலையில் ஜெசினின் காற்றாலை:
பொம்மைக் கார் மோட்டார், ஐஸ் குச்சி இறக்கை,
சீரியல் லைட்டில் வெட்டிய ஒற்றைச் சிவப்புப் பல்பு.
முருங்கை என்று சீட்டு எழுதி
உப்பளத்து ஓரத்து உமரிச் செடியை நட்டோம்.
அது ஒன்றுதான் வாடாமல் நின்றது.

கணக்கு என் பங்கு.
இருபதுக்கு இருபது கூரை, நானூறு சதுர அடி.
மழை எண்பது சென்டிமீட்டர்.
வழிந்தது, ஆவியானது எல்லாம் போக
வருஷத்துக்கு இருபத்து நாலாயிரம் லிட்டர்.
நாளைக்கு நாலு குடம், மேலே ஒரு செம்பு.
வீட்டில் ஐந்து பேர்.
அப்பா கடலுக்கு எடுத்துப்போகும் கேனைக் கழித்தேன்.
தம்பியை ஒருநாள் விட்டு ஒருநாள் குளிக்க வைத்தேன்.
அரிசி களைந்த தண்ணீரை உமரிக்கு,
மன்னிக்கவும், முருங்கைக்கு ஊற்றினேன்.
அப்படியும் மாதத்தில் நாலு நாள் பற்றவில்லை.
எந்த நாலு நாள் என்று
நோட்டில் எழுதவில்லை.
நூருல் எட்டிப் பார்த்தாள்.
அவளுக்கு விளங்கிவிட்டது.
ஜெசின் பசை தேடப் போயிருந்தான்.

சார்ட்டில் மட்டும் கூரையை
இருபத்தைந்து அடியாக்கினேன்.
குடம் அஞ்சரை ஆனது.
கீழே சிவப்பில் 'தன்னிறைவு வீடு' என்று எழுதி
இரண்டு கோடு போட்டேன்.

ராம்நாடு பஸ்ஸில் வீடு என் மடியில்.
"பொம்பளப் பிள்ளைகளுக்கு இலவசம்,
தம்பிக்கு பாஸ் இருக்கு,
வீட்டுக்குத்தான் லக்கேஜ் போடணும்" என்றார் கண்டக்டர்.
போடவில்லை.
ஏர்வாடி தாண்டி டிரைவர் அழுத்தி மிதித்தபோது
ஜன்னல் காற்றில் இறக்கை கண்ணுக்கு மறைந்தது.
வகுப்பில் ஒரு மாசம் எரியாத பல்பு
எரிந்தது.
ஜெசின் கத்திய கத்தில்
தர்காவில் ஏறிய ஆள் ஒருவர் திடுக்கிட்டு எழுந்து
"கீழக்கரையா?" என்றார்.

கண்காட்சி ஹாலில் ஜன்னலே இல்லை.
டியூப் லைட்டுக்கு சோலார் மசியவில்லை.
ஜெசின் கன்னம் வலிக்க ஊதினான்.
நடுவர் பல்பைப் பார்க்கக்கூட இல்லை.
பையிலிருந்து ஸ்கேல் எடுத்து
கூரையின் ஓரத்தில் வைத்தார்.
முப்பது.
ஸ்கேல் முடிந்த இடத்தில் வீடும் முடிந்தது.
"சார்ட்டுப்படி முப்பத்தெட்டு வரணுமே.
மிச்ச எட்டு எங்கம்மா?"

எனக்கு வாய் திறக்கவில்லை.
நூருல் சொன்னாள்:
"அது இனிமேத்தான் கட்டணும் சார்."
"எதுக்கு?"
"தேவை இருக்கு சார்."
அவர் ஏதோ எழுதினார்.
அடுத்த மேஜையில் எரிமலை
நுரை கக்கிக்கொண்டிருந்தது.
அங்கே போனார்.

திரும்பும்போது இருட்டு. பல்பு மறுபடி எரிந்தது.
தெர்மோகோல் சுவர் உள்ளிருந்து சிவந்தது.
ஆள் இல்லாத வீடு.
அதற்கு நாலு குடம் தாராளம்.

காலையில் தண்ணி லாரி வரவில்லை.
வரிசையில் என் குடத்தை இருத்திவிட்டு
எங்கள் வீட்டோரமாகப் போனேன்.
ஆஸ்பெஸ்டாஸ் விளிம்பு தொடங்கும் இடத்தில்
குதிகாலை வைத்து
ஒரு பாதத்துக்கு முன் ஒரு பாதமாக
எண்ணிக்கொண்டே நடந்தேன்.
பதினாறு.
பதினேழாவது பாதம்
ரோட்டில் இருந்தது.