நத்தை தின்ற ஓரம்

ஐப்பசி மழைக்கு ஏற்காட்டில்
தபால் பெட்டிக்குள் நத்தை குடியேறிவிடும்.
பசைக்குத்தான் வருகிறதாம்.
ஜெசிந்தாவுக்கு எழுதியதில்
முகவரியை மட்டும் விட்டுவிட்டு
ஓரமெல்லாம் தின்றிருந்தது.
"பாதி நலம், மீதி நத்தைக்கு" என்று
பதில் போட்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று கடிதம்.
செவ்வாய்ப்பேட்டையில் நான் முன்பிருந்த வீட்டில்
இப்போது இருப்பவருக்கு ஒன்று,
பெயர் தெரியாது:
குழாயை இடப்பக்கம் ஒரு தட்டு தட்டுங்கள்.
பதில் இல்லை.
தண்ணீர் வந்திருக்கும்.

தீப்பெட்டிக் கம்பெனிக்கும் எழுதினேன்.
ஐம்பது குச்சி என்று போட்டிருக்கிறீர்கள்,
நாற்பத்தேழுதான் இருந்தது.
புகார் இல்லை.
அன்றைக்குக் கரண்ட் இல்லை,
கீழே சேலத்து விளக்குகளையும்
பனி மூடிவிட்டது,
எண்ணுவதற்கு வேறெதுவும் கிடைக்கவில்லை.

இருபத்தாறு நாள் கழித்து வந்தது
டைப் அடித்த வருத்தம்.
தீப்பெட்டியைத் தபாலில் அனுப்பக் கூடாதாம்.
சீலுக்குக் கீழே, நீல மையில்,
வலப்பக்கம் சாய்ந்த எழுத்து:
"நானும் வீட்டில் எண்ணிப் பார்த்தேன்.
ஐம்பத்து மூன்று."

பெயர் போடவில்லை.

உறைமேல் எழுதி வைத்திருக்கிறேன்,
'ஐம்பத்து மூன்று எண்ணியவருக்கு'.
மழை விடட்டும்,
நத்தை அசந்த நேரம் பார்த்துப்
போட வேண்டும்.