மூன்றும் இரண்டும்

மூன்று முறை புகார் எழுதியவள் நான்.
மாநகராட்சிக்கு, முத்திரை ஒட்டி,
குண்டு குண்டான என் கையெழுத்தில்:
ஞாயிறுதோறும் மாலையில்
எங்கள் தெருவில் முரசடிக்கிறார்கள்,
அலமாரியில் கண்ணாடிக் கோப்பைகள் நடுங்குகின்றன.
மொந்தேவிதேயோவில் இப்படி எழுதுவது
மழையின் மேல் வழக்குப் போடுவது போல.
பதில் வரவில்லை.

பக்கத்து வீட்டு வால்தெமார்
நடைபாதையில் அட்டைப்பெட்டி கொளுத்தி
முரசுத் தோலுக்குச் சூடு காட்டுவான்.
துவைத்துப் போட்ட துணியெல்லாம் புகை நாறும்.
சன்னலை அறைந்து சாத்துவேன்.
அவன் தொப்பியைத் தூக்கி வணங்குவான்.
எரிச்சலே அதுதான்.

என் கணவர் எல்பியோ
முப்பத்தோரு வருடம் பேருந்து ஓட்டியவர்.
ஒரு நிமிடம் முந்தியதில்லை, பிந்தியதில்லை.
இப்போது
இறங்க ஆளில்லாத இடங்களில் நின்றுவிடுகிறார்.
சமையலறை வாசற்படியில்.
மருந்துக்கடைக் கதவின் முன்.
தரையின் நிறம் மாறும் கோட்டில்.
பாதம் பசை போட்டு ஒட்டியிருக்கும்,
மேலுடம்பு மட்டும் கிளம்பிப் போய்க்கொண்டிருக்கும்.
"காலைத் தூக்குங்கள்" என்பேன்.
"சொல்லிவிட்டேன் நில்டா,
அது கேட்க மாட்டேன் என்கிறது."

பார்க்கின்சன் என்று பெயர் சொன்ன டாக்டர்
மாத்திரைக்கு நேரம் எழுதித் தந்தார்.
எட்டு மணி, இரண்டு மணி, எட்டு மணி.
நடுவிலிருக்கும் மணிகளுக்கு
ஒன்றும் எழுதவில்லை.

அந்த ஞாயிறு ரொட்டி வாங்கித் திரும்புகையில்
நட்ட நடுத் தெருவில் நின்றார்.
ஒரு கார் ஹாரன் அடித்தது. இன்னொன்றும்.
அடிக்க அடிக்க இறுகினார்.
கையைப் பிடித்து இழுத்தேன்,
வேரோடிருக்கும் மரத்தை இழுப்பது போல.
அப்போதுதான் முனை திரும்பியது ஊர்வலம்.
முதலில், முரசின் மரப் பக்கத்தில் குச்சி விழும் ஓசை:
மூன்று, பிறகு இரண்டு,
மூன்று, பிறகு இரண்டு.
அதற்கும் கீழே,
வயிற்றுக்குள் பேசுகிற பெரிய முரசு.

கேட்டது கால்.
முப்பத்தெட்டு வருடம் கூட வாழ்ந்த என் சொல்லுக்கு
அசையாத கால்.
ஓரடி விழ, ஓரடி எழுந்தது.
அடுத்த அடி விழ, அடுத்த அடி.
அக்கரை ஏறியதும்
நடுங்கும் விரலால் ரொட்டியைப் பிய்த்துத்
தின்றார், ஒன்றுமே நடக்காதது போல.
எனக்கு அழுகை வரவில்லை.
பொறாமை வந்தது.

"மூளையில் ஒரு வழி அடைபட்டால்
காது வேறு சந்தில் கூட்டிப் போகும்" என்றாள்
பயிற்சி தரும் கிசெலா.
பேருந்து ஓட்டியவருக்கு விளக்கமா வேண்டும்?
"மாற்றுப்பாதை" என்றார் எல்பியோ,
வரைபடத்தை மடிப்பதுபோல் கையை மடித்து.

திங்கட்கிழமை
வெட்கத்தை மேலங்கிப் பைக்குள் திணித்துக்கொண்டு
வால்தெமார் வீட்டு மணியை அழுத்தினேன்.
புகார்களைப் பற்றி அவன் பேசவில்லை.
கையில் ஒரு குச்சியைத் தந்தான்.
கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுச் சொன்னான்:
"பால் பொங்குமுன் அடுப்பை அணைக்க
ஓடுகிறவள் மாதிரி அடிக்கிறீர்கள்.
பொங்கட்டும், விடுங்கள்."

இப்போது அடிக்கிறேன்.
வாணலியில், கதவு நிலையில்,
கடைத்தெருவில் என் தொடையில்.
நோய் போகவில்லை.
சூப் இன்றும் மேசைவிரிப்பில்தான் பாதி.
சட்டைப் பொத்தானுக்கு
இன்னும் ஒரு தாளம் அகப்படவில்லை;
ஒவ்வொன்றாக நானே போடுகிறேன்,
அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு
பழைய நிறுத்தங்களின் பெயர்களை முணுமுணுக்கிறார்.

நேற்றிரவு மூன்று மணி.
கழிப்பறைக்குப் போகும் வழியில், இருட்டில்,
பனிக்கட்டி போல நின்றிருந்தார்.
குச்சி கைக்கு எட்டவில்லை.
படுக்கையில் இருந்தபடியே
சுவரில் விரல்முட்டியால் தட்டினேன்:
மூன்று.
தூக்கக் கலக்கம், மிச்சம் மறந்துபோனது.
கை அந்தரத்தில் நின்றது.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து,
போர்வைக்குள் இருந்து நீண்ட ஒரு கையாக இருக்க வேண்டும்,
இரண்டு.

செருப்பு உரசி நகரும் சத்தம்.
கொஞ்சம் கழித்துத்
தண்ணீர் இழுத்துவிடும் சத்தம்.
அலமாரியில் கோப்பைகள் லேசாக நடுங்கின.